தொடக்கக்கால நுண்செயலிக் கணினிகளும் அவற்றின் கோப்பு வடிவங்களும்

தொடக்கக்கால நுண்செயலிக் கணினிகள் என்பவை, 1970களின் நடுப்பகுதி முதல் 1980களின் இறுதி வரை புழக்கத்தில் இருந்த சிறிய கணினிகளையும் பயிற்சிப் பலகைகளையும் குறிக்கும். கணினியின் மையச் செயலகம் முழுவதும் ஒரே சில்லில் அடங்கியிருப்பது இவற்றின் பொதுப் பண்பு. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் 8 பிட் அளவுள்ள தரவைக் கையாண்டன.

இக்கணினிகளில் எழுதப்பட்ட நிரல்களும் ஆவணங்களும் பலவகைக் கோப்பு வடிவங்களில் சேமிக்கப்பட்டன. கோப்பு வடிவம் என்பது ஓர் உடன்பாடு. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும், எது கட்டளை, எது தரவு, கோப்பு எங்கே முடிகிறது என்பவற்றை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. அந்த உடன்பாடு மறக்கப்பட்டால், வட்டு கெடாமல் இருந்தாலும் அதில் உள்ளவை பொருளற்ற எண்வரிசையாகிவிடும். தமிழில் 1980களிலும் 1990களிலும் தட்டச்சு செய்யப்பட்ட ஏராளமான ஆவணங்கள் இன்று இந்த நிலையில்தான் உள்ளன.

நுண்செயலியின் வரவு

இன்டெல் நிறுவனம் 1971 நவம்பரில் வெளியிட்ட 4004 முதல் வணிக நுண்செயலியாகக் கருதப்படுகிறது. இது 4 பிட் செயலி. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. 1972இல் 8008, 1974இல் 8080 ஆகிய 8 பிட் செயலிகள் வந்தன. 8080 இயங்குவதற்கு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. 1976இல் வந்த 8085 செயலிக்கு 5 வோல்ட் மட்டுமே போதுமானது. அதன் பெயரின் இறுதியில் உள்ள 5 இதைக் குறிக்கிறது. அதே ஆண்டில் சைலாக் நிறுவனத்தின் இசட்80 செயலியும் வெளியானது. 8080க்கு எழுதப்பட்ட நிரல்களை இசட்80 பெரும்பாலும் மாற்றமின்றி இயக்கியது.

இச்செயலிகளில் முகவரிக்கென 16 கம்பிகள் இருந்தன. ஆகவே அவற்றால் நேரடியாக அணுக முடிந்த நினைவிடங்கள் 65,536, அதாவது 64 கிலோபைட்டு மட்டுமே. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றைக்கூட இதற்குள் அடக்குவது கடினம். அக்கால வடிவங்கள் ஒவ்வொரு பைட்டையும் சிக்கனமாகப் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

இந்தியாவிலும் வடசென்னையிலும்

ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவிலிருந்து வெளியேறியது. இ.சி.ஐ.எல்., டி.சி.எம்., 1976இல் தொடங்கப்பட்ட எச்.சி.எல். முதலிய இந்திய நிறுவனங்கள் கணினித் தயாரிப்பில் ஈடுபட்டிருந்தன. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை உதிரிபாக இறக்குமதியை எளிதாக்கியது. அதன் பின்னர் சிறு அலுவலகங்களுக்கும் கணினி எட்டும் பொருளாயிற்று.

இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய பகுதிகளைக் கொண்ட வடசென்னைத் தொழிற்பகுதி நுண்செயலிக்கு மூத்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு 1948இல் தொடங்கப்பட்டது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இலும், எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இலும் இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் தொழிற்சாலைக் கட்டுப்பாடு என்பது பொதுவாக ரிலேக்கள், காற்றழுத்தக் கருவிகள், முள் காட்டும் மானிகள் ஆகியவற்றின் வேலை. இவ்வகைப் பணிகளை நுண்செயலிப் பலகைகள் ஏற்கத் தொடங்கியபோது, அவற்றைப் பழுதுபார்க்கவும் நிரல்படுத்தவும் தெரிந்த தொழில்நுட்பர்கள் தேவைப்பட்டனர். பாலிடெக்னிக், பொறியியல் பாடத்திட்டங்களில் 8085 நிலைத்த இடம் பெற்றது இப்படித்தான். தனிக்கணினிகள் பரவிய பின்னரும், எளிமையான கட்டமைப்பு காரணமாக அது பாடமாகவே நீடித்தது.

பயிற்சிப் பலகையும் பதினறும எண்களும்

8085 பயிற்சிப் பலகையில் திரையோ வட்டோ கிடையாது. ஆறு இலக்கங்களைக் காட்டும் சிவப்பு விளக்குகளும் இருபதுக்கும் மேற்பட்ட பொத்தான்களும் இருந்தன. ஆறு இலக்கங்களில் முதல் நான்கு முகவரியையும் கடைசி இரண்டு அங்குள்ள பைட்டையும் காட்டும். சென்னையைச் சேர்ந்த வி மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் இப்பலகைகளைத் தயாரித்தன.

நிரலைப் பதினறும எண்களாக உள்ளிட வேண்டும். பதினறும முறையில் 0 முதல் 9 வரையான இலக்கங்களுடன், பத்து முதல் பதினைந்து வரையான மதிப்புகளுக்கு ஆறு ஆங்கில எழுத்துகளும் பயன்படும். ஒரு பைட்டை இரண்டு இலக்கங்களில் எழுதிவிடலாம். 4 என்ற எண்ணை இரட்டிப்பாக்கும் சிறு நிரல் ஒன்று வருமாறு:

06 04 – பி என்னும் பதிவகத்தில் 4 என்ற எண்ணை இடு.
78 – பி பதிவகத்தில் உள்ளதை ஏ பதிவகத்துக்கு நகலெடு.
87 – ஏ பதிவகத்தில் உள்ளதை அதனுடனேயே கூட்டு.
32 50 42 – விடையை 4250 என்ற முகவரியில் வை.
76 – நிறுத்து.

மொத்தம் எட்டு பைட்டுகள். இயக்கிய பின் 4250ஐப் பார்த்தால் அங்கு 08 இருக்கும். முகவரி 4250 ஆக இருந்தாலும் நிரலில் 50 முதலிலும் 42 பின்னரும் வருவதைக் கவனிக்கலாம். சிறிய மதிப்புள்ள பைட்டு முதலில் வரவேண்டும் என்பது இன்டெல் செயலிகளின் உடன்பாடு. மாற்றி உள்ளிட்டால் விடை 5042ஐத் தேடிச் செல்லும்.

இங்கு இன்னொன்றும் விளங்கும். 76 என்ற பைட்டுக்கு இயல்பாகவே 'நிறுத்து' என்ற பொருள் இல்லை. 8085 செயலிக்கு அது நிறுத்தக் கட்டளை. 8086 செயலிக்கு அதே பைட்டு நிபந்தனையுடன் தாவும் கட்டளை. ஆஸ்கி எழுத்துக் குறியேற்றத்தில் அது ஆங்கிலச் சிற்றெழுத்து 'வி'. படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே எண்ணின் பொருள் அமைகிறது.

மின்சாரம் நின்றால் பலகையின் நினைவகம் அழிந்துவிடும். எனவே மாணவர்களின் சேமிப்பகம் பதிவேடுதான். முகவரி, பைட்டு, கட்டளை, விளக்கம் என நான்கு பத்திகளாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மீண்டும் உள்ளிடுவர். ஒருவகையில் இது மிக நீடித்த வடிவம். அந்தப் பதிவேடுகளில் உள்ள நிரல்களை இன்றும் யாரும் படித்து இயக்கிப் பார்க்கலாம்.

இன்டெல் ஹெக்ஸ் வடிவமும் சரிபார்ப்பு எண்ணும்

தொழிற்சாலைக் கருவிகளில் நிரல் நிலையாக இருக்க வேண்டும். அதற்கு ஈப்ரோம் எனப்படும் நினைவகச் சில்லுகள் பயன்பட்டன. இச்சில்லின் மேல் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். புற ஊதாக் கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் உள்ளிருப்பவை அழிந்து, புதிதாக எழுத இடம் கிடைக்கும். வெளிச்சம் படாதிருக்கச் சாளரத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவைப்பர். நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

கணினியிலிருந்து ஈப்ரோம் எழுதும் கருவிக்கு நிரலை அனுப்பப் பரவலாகப் பயன்பட்டது இன்டெல் ஹெக்ஸ் வடிவம். மேற்கண்ட எட்டு பைட்டுகளை 4100 என்ற முகவரியில் வைக்க வேண்டுமானால், அந்த வடிவில் வரி இவ்வாறு அமையும்:

:08410000060478873250427674

தொடக்கத்தில் உள்ள முக்காற்புள்ளி வரி தொடங்குவதைக் குறிக்கிறது. 08 என்பது பைட்டுகளின் எண்ணிக்கை. 4100 முகவரி. அடுத்த 00 இது தரவு வரி என்பதைக் காட்டுகிறது. பிறகு எட்டு பைட்டுகள். கடைசி 74 சரிபார்ப்பு எண்.

சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் முறை எளிது. முக்காற்புள்ளிக்குப் பின் உள்ள எல்லாப் பைட்டுகளையும் கூட்டினால், பதின்ம முறையில் 652 வரும். அதை 256ஆல் வகுத்தால் மீதி 140. 256இலிருந்து 140ஐக் கழித்தால் 116. அதன் பதினறும வடிவம் 74. பெறும் கருவி சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்துக் கூட்டும்போது 768 வரும். அது 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் வழியில் பிழை நேர்ந்துள்ளது என்று பொருள்.

இதே உத்தியை வடசென்னைச் சாலைகளிலும் காணலாம். சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் 1983இல் தொடங்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. அங்கு செல்லும் டிரெய்லர்களில் உள்ள ஒவ்வொரு கன்டெய்னரிலும் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், அவற்றையடுத்துக் கட்டத்துக்குள் ஓர் இலக்கமும் இருக்கும். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம்.

எடுத்துக்காட்டாக, சி.எஸ்.கியூ.யு. 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இம்முறையில் அந்த நான்கு எழுத்துகளின் மதிப்புகள் 13, 30, 28, 32. இவற்றையும் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185 கிடைக்கும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் 3 எழுதப்பட்டிருக்கும். மீதி 10 வந்தால் 0 என எழுதுவர்.

இரண்டு முறைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்டெல் ஹெக்ஸ் வெறும் கூட்டல் என்பதால், இரண்டு பைட்டுகள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது; பிழை வெளிப்படாது. கன்டெய்னர் எண்ணில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பெருக்கு எண் இருப்பதால், அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கையால் எழுதிக்கொள்ளும் எண்களில் இடமாற்றப் பிழை மிகுதி. அதற்கேற்ப அமைந்தது கன்டெய்னர் முறை.

பேசிக் நிரல்களும் பள்ளிக் கணினிகளும்

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியை அறிமுகப்படுத்த 1984–85இல் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட இக்கணினியில் 6502 செயலி இருந்தது. நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவிலும் சேமிக்க முடிந்தது. ஒலிநாடாவில் 0, 1 ஆகிய பிட்டுகள் இருவேறு சுருதிகளில் ஒலிகளாகப் பதியும்.

பேசிக் மொழி நிரல்கள் தட்டச்சு செய்தபடியே சேமிக்கப்படவில்லை. இடத்தைச் சிக்கனப்படுத்த ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் ஒரே பைட்டாகச் சுருக்கப்பட்டது. 'பிரின்ட்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் பி.பி.சி. மைக்ரோவில் 241 என்ற எண்ணாகப் பதிந்தது. ஐ.பி.எம். வகைக் கணினிகளின் ஜி.டபிள்யூ. பேசிக்கில் அதே சொல் 145 ஆனது. மாணவர் திரையில் பார்த்தது ஒரே சொல். நாடாவிலும் வட்டிலும் இருந்தவை வெவ்வேறு எண்கள். ஜி.டபிள்யூ. பேசிக்கில் கோப்பைச் சுருக்காமல் எழுத்துகளாகவே சேமிக்கவும் வழி இருந்தது. அவ்வாறு சேமித்தவற்றை இன்று எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம்.

சி.பி./எம். இயக்குதளமும் நெகிழ்வட்டுகளும்

நெகிழ்வட்டு, அதாவது பிளாப்பி, 1971இல் 8 அங்குல அகலத்தில் அறிமுகமானது. ஐ.பி.எம். வகுத்த ஒற்றை அடர்த்தி வடிவத்தில் 77 தடங்களும், தடத்துக்கு 26 பகுதிகளும், பகுதிக்கு 128 பைட்டுகளும் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 2,56,256 பைட்டுகள்.

இவ்வட்டுகளுக்காக கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய இயக்குதளம் சி.பி./எம். இது 8080, 8085, இசட்80 செயலிகளைக் கொண்ட கணினிகளில் பரவியது. கணினிக்குக் கணினி மாறும் வன்பொருள் பகுதியை பயாஸ் என்னும் சிறு பிரிவில் ஒதுக்கி, மற்றவற்றைப் பொதுவாக வைத்தது இதன் சிறப்பு. ஒரே நிரல் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்க முடிந்தது இதனால்தான்.

ஆனால் 5.25 அங்குல வட்டுகள் வந்தபோது ஒற்றுமை குலைந்தது. தடங்கள் எத்தனை, பகுதியின் அளவு என்ன, ஒரு பக்கமா இரு பக்கமா என்பவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்தனர். இரண்டு கணினிகளிலும் சி.பி./எம். இருந்தும் ஒன்றின் வட்டை மற்றது படிக்காத நிலை ஏற்பட்டது. ஐ.பி.எம். தனிக்கணினியின் 360 கிலோபைட்டு வடிவம் பரவலான பின்னரே இச்சிக்கல் குறைந்தது.

சி.பி./எம். விட்டுச்சென்ற சில வழக்கங்கள் நெடுங்காலம் நீடித்தன. கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகள், வகைக்கு மூன்று எழுத்துகள் என்ற வரம்பு எம்.எஸ். டாஸுக்கும் வந்தது. சி.பி./எம். கோப்பின் நீளத்தை 128 பைட்டுகள் கொண்ட பதிவுகளாகவே எண்ணியது. உரை நடுவில் முடிந்தால் எங்கே முடிகிறது என்று அறிய, 26 என்ற எண் முடிவுக் குறியாக இடப்பட்டது. பைட்டு அளவில் நீளத்தை அறிந்த டாஸிலும் இக்குறி தொடர்ந்தது. கோப்பின் நடுவே தவறுதலாக 26 வந்தால், அதற்குப் பின் உள்ளவை திரையில் தோன்றாமல் போகும். கோப்பு பாதி அழிந்துவிட்டதாகத் தோன்றினாலும் மீதி வட்டில் பத்திரமாகவே இருக்கும்.

'காம்' என்ற வகைப்பெயரும் இவ்வாறே தொடர்ந்தது. சி.பி./எம்., டாஸ் இரண்டிலும் அவ்வகை நிரல் நினைவகத்தின் 256ஆம் இடத்தில் ஏற்றப்படும். பெயரும் ஏற்றும் முறையும் ஒன்றாயினும், ஒன்றில் இருப்பவை 8080 கட்டளைகள், மற்றதில் 8086 கட்டளைகள். எனவே ஒன்றின் நிரல் மற்றதில் இயங்காது. கோப்பின் வகைப்பெயர் வேறு, வடிவம் வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

எட்டாவது பிட்

ஆஸ்கி குறியேற்றம் 7 பிட் அளவுடையது. 0 முதல் 127 வரையான எண்களை மட்டும் பயன்படுத்துகிறது. பைட்டில் எஞ்சியிருந்த எட்டாவது பிட்டை வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டன.

1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் சொற்செயலி, வரிகளைச் சீராக அமைக்கும்போது சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை இட்டது. அதனால் 97 என்ற எண்ணுடைய ஆங்கில எழுத்து சொல்லின் இறுதியில் 225 ஆகிவிடும். வேறு மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் புரியாத குறி தோன்றும். எட்டாவது பிட்டை நீக்கினால் ஆங்கில உரை சரியாகிவிடும்.

தமிழ் உரைக்கு அதே மருந்து நஞ்சாகிவிடும். 8 பிட் தமிழ்க் குறியேற்றங்கள் பல, தமிழ் எழுத்துகளை 128க்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருந்தன. திஸ்கி குறியேற்றத்தில் அகரத்தின் எண் 171. அதன் எட்டாவது பிட்டை நீக்கினால் 43 ஆகும். அது கூட்டல் குறி. தொடக்கக்கால மின்னஞ்சல் வழிகள் சில 7 பிட்டுகளை மட்டுமே கடத்தியதால், அவற்றின் வழியே சென்ற தமிழ் உரை சிதைந்தது.

தமிழ்க் குறியேற்றங்கள்

1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் முயற்சியால் தமிழ் மென்பொருள்கள் உருவாயின. கனடாவில் கு. சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பொது உடன்பாடு இல்லாத காலம் என்பதால் எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறுபட்டன. அகரம் பெற்ற எண்கள் சில:

பாமினி எழுத்துரு – 109 (ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்கும் இடம்)
இஸ்கி – 164
திஸ்கி – 171
யூனிகோடு – 2949

எண் மட்டுமன்றி எழுத்துகளின் வரிசையும் மாறுபட்டது. 'கெ' என்பதை எழுத, திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். யூனிகோடில் ஒலிப்பு வரிசைப்படி ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் வரும். ஆகவே குறியேற்ற மாற்றம் என்பது எண்ணுக்கு எண் மாற்றும் வேலை மட்டுமன்று; வரிசையையும் மாற்றியமைக்க வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் ஏற்றது. 2010இல் யூனிகோடும் டேஸ்16 குறியேற்றமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களை இணைமதி எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றியது. உரிய காலத்தில் மாற்றப்பட்டதால் அந்நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

மீட்டெடுத்தல்

இவ்வாறு மாற்றப்படாத ஆவணங்கள் இன்னும் பலவிடங்களில் உள்ளன. கோவில் மலர்கள், சங்கக் கணக்குகள், பள்ளி ஆண்டு மலர்கள், சிற்றிதழ்களின் அச்சுக் கோப்புகள் முதலியவை பழைய பிளாப்பிகளிலும் குறுவட்டுகளிலும் கிடக்கின்றன. கடலோரப் பகுதிகளில் ஈரப்பதத்தால் வட்டின் பரப்பில் பூஞ்சை படர்வது மற்றோர் ஆபத்து. சோனி நிறுவனம் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. படிக்கும் கருவிகளும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகின்றன.

பழைய வட்டு கையில் கிடைத்தால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. படிப்பதற்கு முன் எழுதாத் தடுப்பை இட வேண்டும். 5.25 அங்குல வட்டில் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடவேண்டும். 3.5 அங்குல வட்டில் சிறு தாழைத் தள்ளித் துளை திறந்திருக்கும்படி வைக்க வேண்டும்.

2. பூஞ்சை தெரியும் வட்டைக் கருவியில் இடக்கூடாது. அது படிக்கும் முனையையும் கெடுத்து, அடுத்து இடப்படும் வட்டையும் கெடுக்கும்.

3. கோப்புகளைத் தனித்தனியாக எடுப்பதற்கு முன், முழு வட்டையும் உள்ளது உள்ளபடியே ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுக்க வேண்டும்.

4. பழைய கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்து அதே பெயரில் சேமிக்கக்கூடாது. முன்பிருந்த எண்கள் மாறிவிட்டால் மீட்க வழியில்லை.

5. வட்டின் உறையில் உள்ள குறிப்புகளைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

6. எழுத்துரு தெரியாவிட்டால், உரையில் உறுதியாக இருக்கக்கூடிய ஊர்ப்பெயர், ஆட்பெயர் போன்ற ஒரு சொல்லைத் தேடி, அதன் எண்களை அறிந்த குறியேற்றங்களுடன் ஒப்பிட வேண்டும். தலைப்பில் 'திருவொற்றியூர்' என்று இருக்கும் எனத் தெரிந்தால், அந்த ஒரு சொல்லே பல எழுத்துகளின் எண்களைக் காட்டிவிடும்.

7. யூனிகோடுக்கு மாற்றிய பின்னும் மூலப் பிம்பத்தை அழிக்கக்கூடாது. மாற்றியில் பிழை இருந்தால் மீண்டும் தொடங்க அதுவே ஆதாரம்.

8085 பலகைக்கு எழுதப்பட்ட பதிவேட்டு நிரல் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், ஒவ்வொரு பைட்டுக்கும் எதிரே அதன் பொருளும் எழுதப்பட்டிருப்பதே. தமிழ் ஆவணங்களுக்கும் அதே விதி பொருந்தும். எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்ற ஒரு வரிக் குறிப்பு வட்டுடன் சேர்ந்திருந்தால், அதிலுள்ள உரையை அடுத்த தலைமுறையும் படிக்க முடியும்.